காக்காப்பொன்

“இதா பாருங்க. இதா?”

நாச்சியார் இன்னொரு கல்லைக் கட்டிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். குத்தாலிங்கம் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தார். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. இல்லையாம். அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கையை விட்டு அடுத்த பெட்டியை இழுத்தாள்.

பெட்டிக்கா அந்த வீட்டில் பஞ்சம்? தென்காசியில் மற்ற வீடுகளில் நெல் இருக்கிற இடத்தில் இங்கே கல் இருந்தது. பிள்ளைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வேலை. எந்த மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்து எழுதுகிற இலாகா. சுத்தியலும் கையுமாக மலை மலையாக அலைவார். செங்கோட்டை ஆபீஸுக்குப் போனது போக மிச்சமெல்லாம் வீட்டுக்கு வரும். ஊரில் அவருக்குக் கல்லுப்பிள்ளை என்று பேர்.

நாச்சியார் அவருக்கு இரண்டாம் தாரம். செங்கோட்டையைத் தாண்டி அவள் போனதில்லை. ஆனால் சமஸ்தானம் முழுவதும் அவளுக்குத் தெரியும். கடலோரம் மணவாளக்குறிச்சியில் கருமணல். கொஞ்சம் உள்ளே வந்தால் செம்புரான்கல். மலை ஏறினால் கருங்கல். வெள்ளநாட்டில் தொட்டால் கையில் ஒட்டுகிற பென்சில் கரி. இரணியலில் ஏடு ஏடாக உரிந்து மினுங்குகிற காக்காப்பொன். எல்லாம் தூசி தட்டித் தட்டித் தெரிந்துகொண்டது. இந்தக் கல்லைக் கட்டிக்கிட்டு அழுவதற்கு ஒரு பசுமாட்டைக் கட்டிக்கொண்டிருந்தால் பாலாவது கறக்கலாம் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். பிள்ளை சிரிப்பார்.

இப்போது அந்தக் காக்காப்பொன்னைத்தான் கேட்கிறார். காலையில் கண் விழித்ததிலிருந்து அந்த ஒரே வார்த்தைதான். வருஷக்கணக்கில் கல்தூசியைத் தின்ற நெஞ்சு, மூச்சை உள்ளே இழுக்கவே பாடுபடுகிறது. பெரிய டாக்டர் முந்தாநாளே கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

நாச்சியார் காக்காப்பொன் ஏடுகளை எல்லாம் எடுத்துவிட்டாள். வெள்ளையாக இருந்தது, பழுப்பாக இருந்தது, கண்ணாடி மாதிரி இருந்தது. நல்லதாக ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவர் உதறிவிட்டார். ஏடு தரையில் விழுந்து உதிர்ந்தது.

“காக்காப்பொன்ன...” மூச்சு நின்று, பிறகு வந்தது. “கூட்டிட்டு வா.”

அவள் உதிர்ந்ததைத் தரையிலிருந்து பொறுக்கினாள். கல்லைப் போய்க் கூட்டிட்டு வரச் சொல்கிறாரே, புத்தி இப்படித் தடுமாறுகிறதே என்று நினைத்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளாக அவளிடம் இன்னது வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. உப்பு இல்லாத குழம்பைக்கூட அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். கேட்டது இந்த ஒன்றுதான். இதைக்கூடக் கொடுக்க முடியாமல் அனுப்பிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கொழுந்தன் வல்லிநாயகம் நடையில் வந்து நின்றான்.

“என்ன மதினி கேக்குதாவ?”

“காக்காப்பொன்னக் கேக்குதாவ தம்பி. வீட்டுல இருக்கதெல்லாம் காட்டிட்டேன். ஒண்ணும் இல்லங்காவ.”

வல்லிநாயகம் அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வெளியே, சாரல் விழுகிற தெருவைப் பார்த்தான்.

“புத்தி தடுமாறுது. விடுங்க.”

“அது எப்படி விட? செங்கோட்டை ஆபீஸ்ல பெரிய பாளம் ஒண்ணு கிடக்குன்னு சொல்லுவாவ. அதக் கேக்காவளோ என்னமோ. ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்திருங்க தம்பி. ரயில் இருக்கு.”

அவன் தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கிப் போனான்.

அவன் சாக்கில் சுற்றிய பாளத்தோடு திரும்பி வந்தபோது வாசலில் பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். நாச்சியார் அவனை ஏறிட்டுப் பார்த்து, “போயிட்டாவ தம்பி. கேட்டுக்கிட்டே போயிட்டாவ” என்றாள். அவன் பாளத்தை முற்றத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். அந்த ராத்திரி முழுக்க அவள் அழுததைவிட யோசித்ததுதான் அதிகம். எந்தக் கல்லை விட்டோம், எந்தப் பெட்டியைத் திறக்காமல் விட்டோம் என்று மனசு பெட்டி பெட்டியாகப் போய் வந்தது. ஒப்பாரி வைத்த பெண்களுக்கு அது புரியவில்லை. இவளுக்குக் கல்லுப்பிள்ளை கூடவே இருந்து நெஞ்சும் கல்லாகிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தி காதில் சொன்னாள்.

மறுநாள் காலையில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். வெள்ளை வேட்டியை மேலே விரித்துப் பிடிக்க, அதன் கீழே தண்ணீர்க் குடங்கள் வர, சங்கு ஊதினார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, முற்றத்தில் கிடத்தினார்கள். அந்த நேரத்தில்தான் வாசலில் பேச்சுச் சத்தம் ஒரேயடியாக அடங்கிப் போயிற்று.

தெருவில் ஒரு பெண் நின்றாள். வெள்ளைச் சேலை, கறுத்த மெலிந்த உடம்பு, நெற்றியில் ஒன்றும் இல்லை. சாரலில் நனைந்திருந்தாள். தெருமுனையில் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் முகம்மது கனி ராத்திரியே சுரண்டை பஸ்ஸில் ஆளிடம் சேதி சொல்லி அனுப்ப, அவள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

நாச்சியார் அவளைப் பார்த்ததில்லை. கேள்விப்பட்டிருந்தாள். மூத்தாள் பெற்ற ஒரே மகள் கல்யாணசுந்தரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள், அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி ரெபேக்காள் ஆகிவிட்டாள். அன்றைக்குப் பிள்ளை சிற்றாற்றில் இறங்கித் தலைமுழுகிவிட்டு ஈரவேட்டியோடு வீடு வந்தார். மகள் செத்துப்போனாள் என்று கணக்கு. அதன் பிறகு அந்தப் பேரை அவர் சொல்லவில்லை, வீட்டில் யாரையும் சொல்ல விடவும் இல்லை. அவள் சுரண்டையில் டீச்சராக இருக்கிறாள் என்பதே நாச்சியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

வல்லிநாயகம் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“முழுகியாச்சு. இனி ஒனக்கு இங்கன என்ன சோலி?”

“உள்ள வரல சித்தப்பா. இங்கனயே நிக்கேன்.”

அவள் குரலில் அழுகை இல்லை. கூட்டத்துக்குள் கண்ணால் தேடி நாச்சியாரைக் கண்டுபிடித்தாள்.

“நீங்கதான சித்தி? ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிருதேன். அப்பா கடைசில என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாவளா?”

நாச்சியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த முகத்துக்கு எதிரே நிஜத்தைச் சொல்லவும் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“இல்லம்மா. ஒம் பேர வாயில எடுக்கல.”

ரெபேக்காள் தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் இருந்தது.

“பேரச் சொல்ல மாட்டாவதான். நல்லா இருந்த காலத்துலயே சொன்னதில்ல. கருப்பா இருந்தாலும் மினுங்குதேன்னு, காக்காப்பொன்னு காக்காப்பொன்னுன்னுதான் கூப்பிடுவாவ.”

சங்கு ஊதுகிறவன் அடுத்த மூச்சு எடுக்க நிறுத்தியிருந்தான். நாச்சியார் திரும்பி வல்லிநாயகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“தம்பி, ஒங்களுக்கு இது தெரியுமா?”

அவன் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“ஒங்களத்தான் கேக்கேன். நேத்து நடையில நின்னு கேட்டீகள்லா? அப்பவே தெரியுமா?”

“அண்ணன் முழுகின முழுக்கு மதினி. சாவப்போற நேரத்துல புத்தி கலங்கிச் சொல்லுதத வச்சு, நாம அத அழிக்கலாமா?”

நாச்சியார் சுவரோரம் சாய்ந்திருந்த பாளத்தைப் பார்த்தாள். இவனையா செங்கோட்டைக்கு அனுப்பினோம்? அதே நேரத்துக்கு யாரையாவது சுரண்டைக்கு அனுப்பியிருந்தால்? அவன் மேல் வந்த கோபம் அவன்மேலேயே நிற்கவில்லை. கூட்டிட்டு வா என்று அவர் நல்ல தமிழில் தெளிவாகத்தான் சொன்னார். கல்லை யாராவது கூட்டிக்கொண்டு வருவார்களா? அந்த வார்த்தையைத் தப்பென்று தள்ளியது அவள்தானே.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். ரெபேக்காளின் ஈரமான முழங்கையைப் பிடித்தாள்.

“கூப்பிட்டாவ. நேத்து விடிஞ்சதுல இருந்து உசிர் போற வரைக்கும் ஒன்னயத்தான் கூப்பிட்டாவ. கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு. நான் கல்லுன்னு நெனச்சுக் கல்லாத் தூக்கிக் காட்டினேன்.”

ரெபேக்காளுக்கு அது உள்ளே போக நேரம் பிடித்தது.

“விடிஞ்சதுல இருந்தா?”

“ஆமா.”

“நான் பள்ளிக்கூடத்துலதான் சித்தி இருந்தேன்” என்றாள். “ஒரு பஸ்ஸு தான.”

நாச்சியார் அவளைப் பிடித்த கையை விடாமல் படியேறினாள். வல்லிநாயகம் நகரவில்லை.

“மதினி, ஊர்ல நாலு பேரு இருக்காவ. வாய்க்கரிசி போடுத நேரம். முழுகி விட்டவளப் போட விட்டா...”

“முழுகினவுகளே கூப்பிட்டாச்சு” என்றாள் நாச்சியார். “நீங்க வழிய விடுங்க.”

அவள் இதுவரை கொழுந்தனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் ஒதுங்கினான். பெண்களும் ஒதுங்கினார்கள். ஒருத்தி தன் சேலை படாமல் இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி வாய்க்குள்ளேயே ஏதோ முனகினாள். சுளகில் பச்சரிசி இருந்தது. முதலில் போட வேண்டியவள் நாச்சியார்தான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவள் அரிசியை அள்ளி ரெபேக்காளின் கையில் வைத்தாள்.

ரெபேக்காள் அப்பாவின் தலைமாட்டில் குனிந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு கிடந்த முகத்தை இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். கையை அவர் வாய்க்கு மேல் கொண்டுபோனாள். சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நேராகவே நீட்டினாள்.

“அப்படி இல்ல” என்று நாச்சியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் புறங்கை மேலே வரும்படி திருப்பினாள். “இப்படி.”

கை திரும்பியது. ஆனால் விரல்கள் திறக்கவில்லை. சங்கு மறுபடியும் ஊத ஆரம்பித்தது. நாச்சியார் அவள் பக்கத்தில் முட்டி போட்டு, மூடியிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.