இராசம்மாவின் பாதி

1

ஆசிரியர் மலர் ஒன்றுக்குக் ‘கற்கும் முறைகள்’ பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அமைதியான இடம், நல்ல வெளிச்சம், தனி மேசை என்று எழுதிக்கொண்டு போனபோது எனக்கே எரிச்சல் வந்தது. யாருடைய வீட்டைப் பற்றி எழுதுகிறேன்? கிழித்துப் போட்டேன். அந்த எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை.

“பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பனி மெல்ல விலக…” (வேண்டாம். பனி பார்க்க வருகிறவர்கள் வேறு எங்காவது போகட்டும்.)

2

மரியநாயகி அங்கே, இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிய ஒற்றையறை வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவள். 1981இல் சாதாரண தரப் பரீட்சை என்கிற அரசுப் பொதுத்தேர்வு. தேறினால் ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். தவறினால் தோட்டத்தில் கூலிக்குப் பேர் பதிந்து, தாய் இராசம்மாவோடு கொழுந்துக் கூடை சுமக்க வேண்டும்.

தனியாக வாசித்தால் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை சொல்லும்போது ஒருவர் முதற்பாதி சொல்ல, மற்றவர்கள் மறுபாதி சொல்வார்களே, அதே இழுவையில் பாடத்தையும் இரண்டாகப் பிரித்தாள். எழுத்தறியாத தாய்க்கு மறுபாதிகளைச் சொல்லிக்கொடுத்தாள்.

“மலைநாட்டில் தேயிலை செழித்து வளரக் காரணம்…”

“குளிரும், மழையும், நீர் தேங்காத சரிவும்.”

மலையிலிருந்து நனைந்து வந்த இராசம்மா, ரொட்டி தட்டிக்கொண்டே அதைச் சொல்வாள். அர்த்தம் கேட்கமாட்டாள்.

“செபத்துக்கு மட்டும் அர்த்தம் கேட்டா சொல்றோம்? நீ அடுத்ததச் சொல்லு புள்ள.”

(ரொட்டி தட்டுவதை ஒருமுறை நீக்கிப் பார்த்தேன். இராசம்மாவின் கைகள் சும்மா இருந்தன. அப்படி அவள் ஒருநாளும் இருந்ததில்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

இப்படியே படித்துப் படித்து, மறுபாதிகள் மகளின் வாயைவிட்டே போய்விட்டன. அதை இருவருமே கவனிக்கவில்லை.

3

அட்டன் நகரில் பரீட்சை மண்டபம். கேள்வித்தாளில் அதே தேயிலை. மரியநாயகி முதற்பாதியை அழகாக எழுதினாள். பிறகு அவள் காது காத்திருந்தது. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. பதிலே தலைக்கு மேல் கொட்டியும் அவளுக்கு எட்டவில்லை. வாய்விட்டுச் சொன்னாலாவது வருமா என்று உதட்டை அசைத்தாள்.

“சத்தம் வரக் கூடாது” என்றார் மேற்பார்வையாளர்.

அடுத்த கேள்விக்கும் பாதி. அதற்கடுத்ததற்கும் பாதி.

4

நம்ப முடியவில்லையா? எனக்கும் சந்தேகம்தான். அவளுக்குப் படிப்பித்த றோலண்ட் மாஸ்டரைக் கதைக்குள் அனுப்பிக் கேட்கச் சொன்னேன்.

“தேயிலைக்குள்ளேயே பொறந்த புள்ள, இது தெரியலையா ஒனக்கு?”

“தெரியும் சேர். அம்மா சொன்னாத்தான் வருது.”

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டில் மேசை இருந்தது. எனக்கு அவர்மேல்கூடக் கோபமில்லை. கோபமெல்லாம் ‘அமைதியான இடம்’ என்று எழுதிய என் கைமேல்தான்.

5

முடிவு, முதல் வகை: அடுத்த வருடம் எழுதித் தேறி, அதே தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாக… (மலரில் போடுவார்கள். கைதட்டுவார்கள். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் வகை: பரீட்சைப் பெறுபேறு வந்தது. தவறிவிட்டாள். இராசம்மா மகளைத் திட்டவில்லை.

“எம் பாதிய நான் சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தாம்மா சொன்னீங்க.”

இராசம்மா நம்பவில்லை. அந்த வாரமே மகளுக்குப் பேர் பதிந்தார்கள். முதல்நாள் கொழுந்தெடுத்து வந்த மாலை, இருவரும் செபமாலைக்கு முழந்தாளிட்டார்கள். மரியநாயகி முதற்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். தாய் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்கம்மா.”

“நீயே முழுசாச் சொல்லிரு புள்ள. நான் வாய வச்சா அதுவும் வெளங்காமப் போயிரும்.”

இதற்கு மேல் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். எனக்கும் முதற்பாதிதான் வருகிறது. நீங்கள் அமைதியான இடத்தில், நல்ல வெளிச்சத்தில்தானே வாசிக்கிறீர்கள்? மீதியை நீங்கள் சொல்லுங்கள். மரியநாயகி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு…