வெட்ட இடம் கொடாமல்

கேமராக்காரர் வந்ததும் முதலில் எடுத்தது பால்கனிக் கொடியைத்தான். கொடியில் அண்ணனின் பனியன் இருந்தது. அண்ணியின் பூப்போட்ட நைட்டியும் அவர்கள் மகளின் பச்சை சுடிதாரும் இருந்தன. கேமரா அவற்றையெல்லாம் தாண்டிப் போய், ஓரத்தில் தொங்கிய இரண்டு கறுப்பு புர்காக்களின் மேல் நின்றது. நின்றது நின்றதுதான்.

கத்திரி அதைக் கவனித்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுக்கும் ஸ்டூடியோவில் அவளுக்கு அதுதான் பெயர். பெண்கள் பக்கத்துப் படங்களை ஆண்கள் பார்க்க வேண்டாம் என்று நினைக்கும் வீடுகள் அவளைத் தேடி வந்தன. பசியில் வாடிய மணப்பெண்ணின் முகத்தைத் தாய்வீட்டைப் பிரியும் சோகமாக மாற்றுவது அவளுக்கு இடது கை வேலை. அதனாலேயே தன் முகத்தை இன்னொருவர் கையில் கொடுக்கப் பயந்தாள்.

"அக்கா, இந்த ஜன்னல்கிட்ட நின்னு வெளிய பாருங்களேன்," என்றாள் கூட வந்த டி.வி. நிருபர்.

"வெளிய என்ன இருக்கு?"

"சும்மாதான். கம்பிக்குப் பின்னாடி உங்க முகம் வந்தா நல்லாருக்கும்."

"கம்பிக்கு முன்னாடி வந்தா கெட்டுப் போயிடுமா?"

கேமராக்காரர் சிரித்தார். நிருபர் சிரிக்கவில்லை.

ஆனாலும் வேறு வழியில்லை. கத்திரி குலா கேட்டிருந்தாள். மனைவி தானே முன்வந்து மணவிலக்குக் கேட்கிற உரிமை அது. கணவன் மறுக்கவில்லை, விட்டது தொல்லை என்று இருந்தான். பள்ளிவாசல் ஜமாஅத் உட்கார்ந்து விசாரித்து முடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜமாஅத் உட்காருவதாகவே தெரியவில்லை. ஒரு தடவை தலைவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். ஒரு தடவை காரணமே சொல்லவில்லை. டி.வி.யில் பேசினால் அசைவார்கள் என்று நினைத்தாள். டி.வி. தன் இஷ்டத்துக்குக் காட்டிவிட்டால், சமுதாயத்தைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்று கதவைச் சாத்தியே விடுவார்கள். அதுவும் தெரியும்.

அண்ணன் சரியென்று சொன்னதுதான் உறுத்தியது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தைரியமாப் பேசும்மா. நம்ம மார்க்கத்துல பொண்ணுங்களுக்கு என்னென்ன உரிமை இருக்குன்னு புட்டுப் புட்டு வை. டி.வி.காரங்க எப்பப் பாத்தாலும் நம்மள ஒரு மாதிரியாத்தான் காட்டுறாங்க."

"அதை மாத்தத்தான் சார் வந்திருக்கோம்," என்றாள் நிருபர்.

கத்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.

முக்காட்டுத் துணி உரசினால் இரைச்சல் வரும் என்று நிருபர் வயரில்லாத குட்டி மைக்கை மடிப்புக்குள்ளே, மோவாய்க்குக் கீழே செருகிவிட்டாள். பேட்டி தொடங்கியது. கத்திரி பார்த்துப் பார்த்துப் பேசினாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. முக்காட்டைச் சரிசெய்யக்கூட கையைத் தூக்கவில்லை. குலா என்றால் என்ன, அது எப்படித் தன் உரிமை என்று பள்ளிப் பாடம் போல ஒப்பித்தாள். அண்ணன் ஒவ்வொரு பதிலுக்கும் "ம்" கொட்டினார்.

நடுவில் லைட்டின் பேட்டரியை மாற்ற வேண்டும் என்றார் கேமராக்காரர். தண்ணீர் குடிக்க அவள் அடுக்களைக்குப் போனாள். அண்ணி தேநீருக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் நைட்டியும் டி.வி.ல வருமாடி?"

"வராது. அதுக்குக் கொடுத்து வைக்கல." கத்திரி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காதீங்க. ஜமாஅத்துல தள்ளிப் போடச் சொன்னது அண்ணன்தானே?"

அண்ணி அடுப்பையே பார்த்தாள்.

"தலைவர் வீட்டம்மா நேத்து வீடியோ வாங்க ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. 'உங்க அண்ணன்தானே பொறுக்கச் சொன்னாரு'ன்னு அவங்க வாயிலயே வந்துச்சு. நான் இத்தன நாளா ஜமாஅத்தத் திட்டிட்டிருந்தேன்."

"மெதுவாப் பேசு."

"உங்களுக்கும் தெரியும்."

"புள்ளையப் பொண்ணு பாக்க வர்றாங்க. அத்தை என்ன ஆனான்னு கேக்க மாட்டாங்களா? அவ கல்யாணம் முடியட்டும்னுதான் சொன்னாரு. உன்ன வேணாம்னா சொன்னாரு?"

பால் பொங்கியது. அண்ணி அடுப்பை அணைத்தாள். கத்திரி தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள்.

கூடத்தில் கேமராக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிருபர் கையிலிருந்த தாளை மடித்துவிட்டுப் புதிதாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த விஷயத்துல உங்க குடும்பம் உங்களுக்கு எந்த அளவு ஆதரவா இருக்காங்க அக்கா?"

கத்திரியின் கை மோவாய்க்குக் கீழே போனது. மைக் அங்கேயே இருந்தது.

கல்யாண வீடியோவில் பேச்சுச் சத்தம் குப்பைக்குப் போகும். மேலே பாட்டை ஏற்றிவிடுவார்கள். இத்தனை வருஷம் படத்தை மட்டுமே வெட்டிப் பழகியவள், இன்று படத்தை மட்டுமே காவல் காத்திருக்கிறாள். இனி அவள் குரலைக் கொடியில் தொங்கும் கறுப்புத் துணி மேல் ஓட்டுவார்கள். எப்படி ஓட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா?

"உள்ள பேசினத அழிச்சிடுங்க," என்றாள்.

"நாங்க பாத்துக்கறோம்க்கா."

"என்னத்தப் பாத்துக்குவீங்க?"

"என்னத்த அழிக்கணும்?" என்றார் அண்ணன். "உள்ள என்ன பேசினீங்க?"

அடுக்களை வாசலில் அண்ணி தட்டோடு நின்றாள். அழிப்பார்கள் என்ற நம்பிக்கை கத்திரிக்கு இல்லை. அண்ணன் விடுவார் என்ற நம்பிக்கையும் இல்லை. அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். எங்கும் நிறுத்தாமல், மூச்சு விடாமல் சொன்னாள்.

"குலா கேக்கற உரிமைய எனக்கு மார்க்கம் கொடுத்திருக்கு அது என் கைக்கு வராமத் தள்ளிப் போடச் சொன்னது இதோ உக்காந்திருக்கிற எங்கண்ணன் அது மக கல்யாணத்துக்காகப் பயந்த ஒரு அப்பனோட வேலை மார்க்கத்தோட வேலை இல்ல."

நிருபர் தாளைக் கீழே வைத்தாள். பிறகு முன்னால் சாய்ந்தாள்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கக்கா. இதையே இன்னொரு தடவ, ரெண்டு மூணு வாக்கியமாப் பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

அண்ணனின் காது சிவந்திருந்தது. "இது வெளிய வரக்கூடாது," என்றார் நிருபரிடம். பிறகு தங்கையிடம், "வீட்டுக்குள்ள கேட்டிருக்கலாம்ல?"

"வீட்டுக்குள்ள நீங்க உரிமையப் பத்தித்தானே பேசுனீங்க. தலைவருக்குப் போன் போடுங்க. இப்பவே."

"இவங்க முன்னாடியா?"

"இவங்க போனப்புறம் போடுவீங்களா?"

அண்ணன் மனைவியைப் பார்த்தார். அண்ணி தட்டை மேசையில் வைத்துவிட்டு, "போடுங்க," என்றாள். "நம்ம புள்ளைக்கும் நாளைக்கு ஒண்ணுன்னா யார்கிட்ட போய் நிப்போம்?"

அவர் போட்டார். கத்திரி எட்டி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"தங்கச்சி விஷயம்... இந்த வாரமே உக்காந்து முடிச்சிடலாங்க," என்றார் அண்ணன்.

"நீங்கதானே பொறுக்கச் சொன்னீங்க?" என்றது தலைவரின் குரல். "திடீர்னு என்ன? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

அண்ணன் கேமராவைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரும் இல்லீங்க."

"சரி. ஞாயித்துக்கிழமை லுஹர் தொழுகை முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. அதுவே வந்து பேசட்டும்."

போன் அணைந்தது. நிருபர் எழுந்தாள். "அக்கா, இத நாங்க போடலாமா?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் கேமரா மெமரி கார்டு இங்கேயே இருக்கட்டும்."

"ஐயோ, அது ஆபீஸ் கார்டு. என்னை நம்புங்கக்கா."

"நம்பறேன். கார்டக் குடுங்க."

நிருபர் யோசித்தாள். கொடுக்காவிட்டால் ஞாயிறன்று இவள் சம்மதிக்கவே மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது நிஜமாகவே மனம் இரங்கியிருக்கலாம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு கத்திரியால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில் நிருபர் கண்ணைக் காட்ட, கேமராக்காரர் கார்டைக் கழற்றி நீட்டினார்.

கத்திரி உள்ளே போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இது அந்தக் கார்டுதானான்னு பாத்துக்கறேன்," என்றாள். "உக்காருங்க. டீ ஆறுது."