பாலத்தின் ஏழு இணைப்புகள்

காரின் முன்பக்கத்துக்கும் பார்க்கிங் சென்சார் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டபோதே மெக்கானிக்குக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிரித்தான்.

"வண்டி பழகுறவங்க போடுறது அது. டர்போ வண்டி வச்சிருக்கிறவன் கேக்குற பொருளா?"

"சும்மா போடு மச்சான். கம்பெனி பார்ட்தானே."

மெக்கானிக்கின் தங்கையைக் கட்டியவர் அவர். அதற்கு முன்பே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் 'நீங்க', பட்டறையில் 'நீ' என்று வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்தில் வேலை. சீட்டு கிடையாது, சிகரெட் கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு அந்தச் சாம்பல் நிற நான்கு கதவு கார். ஆறு வருடமாக அதற்கு எதையாவது மாட்டிக்கொண்டே இருந்தார். டர்போ காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர் வெளியே வாங்கியது. பிரேக் அதே கம்பெனியின் மேல்ரக மாடலுடையது. பட்டறையில் அவருக்கு டர்போ என்றே பெயர் விழுந்துவிட்டது.

கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். செய்தித்தாளில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி, பட்டறைப் பரணில் அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எறும்பு வரிசை மாதிரி எழுத்து.

இந்த முறை அவர் கொடுத்த பட்டியல் தடித்த மார்க்கரில் இருந்தது. ஒரு தாளுக்கு நான்கே வரி. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுக்குப் பதில் கெட்டியான மவுண்ட். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்குப் பதில் கெட்டியான புஷ். சத்தத்தை அடக்காத சைலன்சர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சீறும் வால்வு. டர்போ அழுத்தத்தைக் காட்ட மீட்டர் வேண்டாம், கூவுகிற பஸ்ஸர் போதும்.

ரப்பர் மவுண்டும் ரப்பர் புஷ்ஷும் மெத்தை மாதிரி. என்ஜினின் நடுக்கத்தையும் சாலையின் குலுக்கலையும் தாங்களே வாங்கிக்கொள்ளும். கெட்டியாகப் போட்டால் எல்லாம் நேரே இருக்கைக்கு வந்து சேரும். முதுகு என்னத்துக்கு ஆகும் என்று மெக்கானிக் கேட்டான். முதுகு என்னுடையதுதானே என்றார் மாப்பிள்ளை.

மூன்று வாரம் வேலை நடந்தது. கடைசி நாள் வண்டியைக் கழுவித் துடைக்கும்போது இடது கதவில் மெக்கானிக்கின் துணி நின்றது. கீறலை மூடிப் பூசிய பெயின்ட். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பின் சக்கரத்துக்கு மேலே மூன்றாவது. மூன்றும் மூன்று விதச் சாம்பல். நிறம் ஒரு இழை மாறியிருந்தால் அரை நாள் சண்டை போடுகிற மனுஷன் அவர்.

வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. இடது பக்கக் கண்ணாடியின் விளிம்பில் மட்டும் ஒரு நீலக் கோடு இருந்தது. சைக்கிள் கைப்பிடியின் உயரம்.

மெக்கானிக் துணியைக் கீழே வைத்தான். மூன்று வாரமாகத் தான் மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். வேகத்துக்கு என்று அதில் எதுவும் இல்லை. எல்லாம் காதுக்கும் உடம்புக்கும்.

மாப்பிள்ளை நான்கு மணிக்கு நடந்தே வந்தார். வாசலில் கிடந்த ஜாக்கை ஷூ முனையால் தொட்டுப் பார்த்து, பிறகு தாண்டினார்.

"இடது கண்ணாடில நீலப் பெயின்ட் இருக்கு" என்றான் மெக்கானிக்.

மாப்பிள்ளை ஸ்டூலைத் தேடி இழுத்தார்.

"சைக்கிள்ல வந்த பொண்ணு விழல. காலை ஊனி நின்னுட்டா. இறங்கிப் போய்ப் பாத்தேன்."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. குழாயும் ஒடுங்கிக்கொண்டு வருகிறது. மருந்து கிடையாது. அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். தினமும் சாப்பாட்டு டப்பாவோடு வீட்டிலிருந்து கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்.

"உன் தங்கச்சிக்குத் தெரியாது" என்றார்.

மெக்கானிக் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நீங்க இனிமே ஓட்ட வேணாம்."

பட்டறையில் அவன் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் முறை. மாப்பிள்ளை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கெஞ்சுவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தான். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தான்.

"அப்ப நீ ஓட்டு" என்றார் மாப்பிள்ளை. "நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். எல்லாம் மாட்டினதுக்கு ஒரு தடவையாவது கேக்க வேணாமா?"

கிளம்பியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி உறுமியது. இருக்கை அதிர்ந்தது. மெக்கானிக்கின் பற்கள் ஒன்றோடொன்று இடித்தன.

"தண்ணித் தொட்டி" என்றார் மாப்பிள்ளை. "பைப்புக்கு ரோட்ட வெட்டினாங்க. இன்னும் ஒழுங்கா மூடல."

தண்ணீர்த் தொட்டிதான்.

"ஸ்கூல். வேகத்தடை ரெண்டு. ரெண்டாவது பாதி தேஞ்சிருக்கும்."

ரொட்டிக் கடைத் திருப்பத்தில் சுவரில் பட்டுத் திரும்பிய சைலன்சர் சத்தத்தை வைத்தே கடை மூடியிருக்கிறது என்றார். ஷட்டர் இறக்கித்தான் இருந்தது. பாலத்தில் ஏறியபோது அவருடைய ஆள்காட்டி விரல் முழங்காலுக்கு மேலே எழும்பி நின்றது. கான்கிரீட் பலகைகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் வண்டி 'டக்' என்றது. விரல் ஒவ்வொரு தடவையும் முழங்காலைத் தட்டியது. ஒன்று, இரண்டு என்று ஏழு.

"ஏழு. இனி இடது பக்கம் திரும்பினா வீடு."

"மேஜிக் ஷோ நடத்துறியா, டர்போ?" மெக்கானிக் சிரித்தான். அவரும் சிரித்தார். இறங்கும்போது, சாவி உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் மெக்கானிக்குக்கு நிம்மதி.

மூன்றாம் நாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். ஸ்டூலைக் காட்டினான். உட்காரவில்லை.

"அவர் உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

ஒரு வருடமாக அவளுக்குத் தெரியும். கூடத்தில் காலில் இடிபடும் டீப்பாயைத் தூக்கிப் பரணில் போட்டதும், படி விளிம்புகளில் அழகுக்கு என்று சொல்லி வெள்ளைப் பட்டை ஒட்டியதும் அவள்தான். பூங்காவுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் நின்று, அவர் டப்பாவைத் திறந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது.

"இந்த வண்டியையே ஓட்டுறேன்ணா. இத வித்தா அவர் உடைஞ்சு போயிடுவாரு. ஆனா இது போடுற சத்தம் எனக்குப் பயமா இருக்கு. வாங்கின புதுசுல இருந்த மாதிரி ஆக்கிக் குடுங்க."

அன்று இரவு புருஷனும் பெண்டாட்டியும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று மெக்கானிக் கேட்கவில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளைக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் கழற்றிவிடட்டுமா என்று மட்டும் கேட்டான்.

"ஓட்டப்போறது அவ. அவளுக்கு எது வசதியோ அதப் போடு."

பரணிலிருந்து பொட்டலங்களை இறக்கினான். எறும்பு எழுத்தைப் படிக்க அவனே கண்ணாடி போட வேண்டியிருந்தது. பழைய சைலன்சர், பழைய வால்வு. ரப்பர் மவுண்டும் ரப்பர் புஷ்களும் மட்டும் காய்ந்திருந்தன என்று கம்பெனியிலிருந்து புதிதாக வரவழைத்தான். மாட்ட மாட்ட அவனுக்கு ஆசை ஏறியது. அதே காரின் சொகுசு மாடலுக்கு வரும் மெத்தென்ற ஷாக் அப்சார்பரை நான்கு சக்கரத்துக்கும் போட்டான். கால்விரிப்புக்கு அடியில் தடித்த கம்பளி பரப்பினான். கதவு ரப்பர்களை மாற்றினான். யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை. தங்கைக்குப் பயம் இருக்காது, அவருக்கும் உடம்பு அலுங்காது என்று நினைத்தான். இவ்வளவு அக்கறையாக அவன் எந்த வண்டிக்கும் வேலை செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை ஓட்டினாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். மெக்கானிக் பின்னால்.

கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் நின்றுபோனது. என்ஜின் ஓடுகிறதா என்று மெக்கானிக்கே முன்பக்கம் எட்டி மீட்டர் முள்ளைப் பார்த்தான். தங்கை முதல் திருப்பத்தை நிதானமாக எடுத்தாள். இரண்டாவது திருப்பத்தில் இறுகியிருந்த அவள் தோள் தளர்ந்தது.

"அண்ணா, அலுங்கவே இல்லல்ல?"

"வெண்ணெய்தான்" என்றான் மெக்கானிக்.

மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார். தண்ணீர்த் தொட்டி போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேகத்தடைகளில் வண்டி மெல்ல எழுந்து மெல்ல அமர்ந்தது. ரொட்டிக் கடை திறந்திருந்தது, வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவர் தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்தார். பிறகு உள்ளங்கையை டாஷ்போர்டின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். எடுத்துக் கதவில் வைத்தார்.

தூங்கப் பார்க்கிறார் என்று மெக்கானிக் நினைத்தான். அப்போது அந்த விரலைப் பார்த்தான்.

முழங்காலுக்கு மேலே, தட்டத் தயாராக, எழும்பி நின்றது. வண்டி பாலத்தில் ஏறியது. முதல் இணைப்பு போனது. விரல் இறங்கவில்லை. இரண்டு போனது. மெக்கானிக் தன் கால்களைத் தரையில் அழுத்திப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கம்பளி அவ்வளவு தடிமனாக இருந்தது. மூன்று, நான்கு. வெளியே கைப்பிடிச் சுவர் சத்தமில்லாமல் பின்னால் ஓடியது. ஏழாவதையும் தாண்டினார்கள். தங்கை சிக்னல் போட்டு இடது பக்கம் திரும்பினாள். விரல் அப்படியே நின்றது.

"பாலம் இன்னும் வரலையா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"தாண்டியாச்சுங்க. வீடே வந்தாச்சு" என்றாள் தங்கை. குரலில் சந்தோஷம்.

"தாண்டியாச்சா."

விரல் மடங்கியது. அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நல்லா ஓட்டுற" என்றார்.