எங்கட கம்ப்யூட்டர்

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கனகேஸ்வரி கல்யாண சேவை நிலையத்திலிருந்து அந்தத் திங்கட்கிழமை காலையில் எழுந்த கூச்சலுக்கு, கீழே மாலை கட்டிக்கொண்டிருந்தவர்களே கை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பிள்ளை! ஓடி வாரும்! கம்ப்யூட்டருக்குள்ள ஆரோ குப்பை வாளி வச்சிட்டுப் போட்டினம்!"

அங்கே வேலை பார்க்கும் சந்திரகலா கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து, மினி பஸ் மாறி, அப்போதுதான் படியேறி வந்திருந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் எட்டிப் பார்த்தாள். பழைய விண்டோஸ் போய்ப் புது விண்டோஸ் 95 வந்திருந்தது. முன்பு திறந்ததும் மணமகன், மணமகள் என்று பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்த திரையில் இப்போது பாசி நிறத்தில் வெறும் வெளி. ஓரத்தில் நாலைந்து படங்கள். அதில் ஒன்று சாட்சாத் குப்பைத்தொட்டி.

"அது டிலீட் பண்ணதைப் போடற இடம் ஆன்டி."

"கலியாணம் பேச வாற சனம் முதல்ல பாக்கிறது குப்பைத் தோங் சம்பாவையோ? நல்லாயிருக்குது! உந்தப் பொடியனைக் கூப்பிடும்."

உந்தப் பொடியன் என்பது கார்த்திகேசு. இம்பி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. சனிக்கிழமை வந்து புதியதை ஏற்றிவிட்டு, தீபாவளி வரைக்கும் என்ன தொந்தரவு என்றாலும் இலவசமாக வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கனகேஸ்வரி ஆன்டியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தால் எந்தப் புத்திசாலியும் அப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்க மாட்டான்.

சந்திரகலா போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, சனிக்கிழமையே மனப்பாடமாகியிருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அவன் மேசைக்கடியில் தலையை விட்டு வயரைத் தேடிய அழகிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது.

வந்தவன் குப்பைத்தொட்டியை எடுக்க முடியாது, ஓரமாகத் தள்ளத்தான் முடியும் என்றான். கீழ் மூலைக்கு இழுத்து விட்டான். ஆன்டிக்குத் திருப்தியில்லை. செம்பருத்திப் பூ போட்ட ஸ்டேம்ப் ஒன்றை நாக்கில் தடவி, திரைக் கண்ணாடிமேல் அந்த மூலையை மறைத்து ஒட்டிய பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

கனகேஸ்வரி ஆன்டியின் கணவர் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து காலமானவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஆன்டி இந்த நிலையத்தை ஆரம்பித்தார். பிறந்ததும் வளர்ந்ததும் இந்தப் பிரிக்பீல்ட்ஸ்தான் என்றாலும் பேச்சில் யாழ்ப்பாணம் ஒரு சொட்டுக் குறையவில்லை. மனசு தங்கம். ஆனால் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி உண்டு, அதில் இரண்டு இழுப்பறைகள். மேலதில் 'எங்கட ஆக்கள்' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கும். கீழதில், யாழ்ப்பாணத்து வழி வராதவர்களுக்கு, 'மற்ற ஆக்கள்'. கார்த்திகேசுவின் அம்மா கொடுத்த ஜாதகம் மேல் இழுப்பறையில் இருந்தது. சந்திரகலாவின் அம்மா, "நீ வேலை பாக்கற இடம்தானே, கொண்டு போய் வையேன்" என்று கொடுத்தனுப்பிய ஜாதகம் கீழ் இழுப்பறையில் இருந்தது. அவள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவ வந்தவர், வேறெங்கே போகும்? இத்தனை வருஷத்தில் மேல் இழுப்பறைக்கும் கீழ் இழுப்பறைக்கும் ஒரு பொருத்தம்கூட ஆன்டி பார்த்ததில்லை.

எனவே சந்திரகலாவுக்கு இருந்த ஒரே வழி, அந்த விண்டோஸ் ஆன்டிக்குப் பிடிக்காமலே இருப்பதுதான். பிடிக்காத வரைக்கும் அவன் வருவான்.

விண்டோஸும் தன்னால் ஆனதைச் செய்தது. அந்த வாரமே கிள்ளானிலிருந்து பவுனம்மாள் என்கிற அம்மாள் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். ஆன்டி ஒரு பெண்ணின் விவரத்தைத் திறந்து, "வடிவாப் பெரிசாக் காட்டுறன், பாருங்கோ" என்று பழைய பழக்கத்தில் வலது மேல் மூலையைத் தட்டினார். பழையதில் அந்த இடத்தைத் தட்டினால் பெரிதாகும். புதியதில் அங்கே ஒரு பெருக்கல் குறி வந்து உட்கார்ந்திருந்தது. பெண் மறைந்து போனாள்.

"எங்கங்க பொண்ணு?" என்றார் பவுனம்மாள்.

"இஞ்சதான் நிண்டவ." ஆன்டி மறுபடி திறந்து, மறுபடி பெரிதாக்கப் போனார். பெண் மறுபடி ஓடிப்போனாள்.

பவுனம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "பொண்ணு பாக்கறப்பவே ரெண்டு தடவை ஓடுது. கட்டி வச்சா நிக்குமா? வேற இடம் பாக்கறேன்லா."

அன்றைக்கு ஆன்டிக்கு வந்த கோபத்துக்கு கார்த்திகேசு இருமுறை படியேற வேண்டியிருந்தது. சந்திரகலா இரண்டு தடவையும் அவனுக்குத் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தாள்.

புகார் இல்லாத நாட்களும் வரத்தான் செய்தன. அப்படி ஒரு நாளில் சந்திரகலா, ஆன்டி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, திரையின் அடியில் இருந்த சாம்பல் பட்டையை மௌஸால் பிடித்து இழுத்து உச்சியில் கொண்டுபோய் விட்டாள். ஆன்டி திரும்பி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, நிலம் கூரைக்குப் போட்டுது!" என்று அலறினார். சந்திரகலா கொஞ்சமும் வெட்கப்படாமல் போனைச் சுழற்றினாள். பிறகு பட்டை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, ஒரு தடவை கோடாக இளைத்துக் காணாமலே போனது.

"இது எப்படித் தானா நகருது?" என்று கார்த்திகேசு தலையைச் சொறிந்தான்.

"புது சாமான் லா. அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள்.

ஆனால் ஆன்டியின் உண்மையான சண்டை ஸ்டார்ட் பட்டனோடுதான். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு 'ஸ்டார்ட்' என்று எழுதியிருப்பதை அமுக்க வேண்டும் என்பதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நிப்பாட்டுறதுக்கு ஸ்டார்ட்டோ? இது என்ன விசர்க்கதை?" என்று சாயங்காலமானால் சுவரில் இருக்கிற பிளக்கையே பிடுங்கிவிடுவார். மறுநாள் கம்ப்யூட்டர் முறைப்படி நிறுத்தவில்லை என்று திரை முழுக்கப் புலம்பும். தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஆன்டி தீர்த்துச் சொல்லிவிட்டார்: "எனக்குப் பழசையே திருப்பிப் போட்டுத் தாரும். உந்தப் புதுசை நீர் கொண்டு போம்."

பழையது திரும்பினால் புகார் இருக்காது. புகார் இல்லையென்றால் அவன் இல்லை.

கார்த்திகேசு ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதியாக மன்றாடிப் பார்த்தான். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் சோர்ந்துபோய்ப் பையை மாட்டிக்கொண்டு, "ஓகே ஆன்டி, நாளைக்கு டிஸ்க் கொண்டு வந்து மாத்தித் தாறன். நான் போறன்," என்றான்.

"போறன் எண்டு சொல்லாதேயும்! வாற வீட்டில இருந்து வெளிக்கிடேக்க அப்பிடியோ சொல்றது? போட்டு வாறன் எண்டு சொல்லும்!"

"அதையேதான் ஆன்டி அதுவும் சொல்லுது!" என்றாள் சந்திரகலா. வாய் முந்திக்கொண்டது. "நாம கிளம்பறப்ப போறேன்னா சொல்றோம், வரேன்னு தானே சொல்றோம்? அதுவும் நிக்கறப்ப நிக்கறேன்னு சொல்லாம, ஸ்டார்ட் பண்றேன்னு சொல்லிட்டுப் போகுது."

ஆன்டி திரையைப் பார்த்தார். சந்திரகலாவைப் பார்த்தார். மெல்ல மௌஸைப் பிடித்து ஸ்டார்ட்டை அமுக்கி, அவன் காட்டிய வழியில் நிறுத்தினார். இப்போது அணைக்கலாம் என்று திரையில் மஞ்சள் எழுத்து வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, மரியாதை தெரிஞ்ச சாமான்தான்! இதை இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் எனக்கு விளங்கச் சொல்லேல்லை?"

கார்த்திகேசு சந்திரகலாவை அதிசயமாகப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே உயிரைக் கொடுக்கலாம் போலிருந்தது. அவன் படியிறங்கிய பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. பழையது திரும்பாமல் தடுத்தாயிற்று, சரி. ஆனால் ஆன்டிக்குப் புதியது பிடித்துப்போய்விட்டது. தன் பிழைப்பில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆன்டி புகார் என்று எதையும் சொல்லவில்லை. பட்டை கூரைக்குப் போனாலும், "அது தன்ர பாட்டில உலாவிட்டு வரட்டும்," என்று விட்டுவிட்டார். சந்திரகலா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆன்டியே ஒரு சின்னக் குறை கண்டுபிடித்தார். திரையின் உச்சிப் படத்துக்குக் கீழே 'மை கம்ப்யூட்டர்' என்று இருந்தது. "என்ர கம்ப்யூட்டர் எண்டு கிடக்குது. பாக்கிற சனம் ஆரின்ர கம்ப்யூட்டர் எண்டு கேக்காதோ? கூப்பிடும் பொடியனை, வேற பேர் வைக்கட்டும்."

சந்திரகலா போன் பண்ணிவிட்டு, அவன் வருவதற்குள் வடை வாங்கி வரலாம் என்று கீழே ஓடினாள். சூடாகப் போடட்டும் என்று காத்து நின்றதில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவன் வந்து வேலையை முடித்துவிட்டு, ஆன்டியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். திரையில் படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் புதுப் பெயர்.

எங்கட கம்ப்யூட்டர்.

வடைப் பொட்டலம் அவள் கையில் சுட்டது. அவள் கண் திரையிலிருந்து அலமாரிக்குப் போனது. மேல் இழுப்பறையில் இருந்த அதே சொல். எங்கட. எங்களோடது, உன்னோடது இல்லை. அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. அம்மா யாரிடமாவது "எங்க வீடு" என்றால் கேட்கிறவர் அந்த வீட்டுக்காரர் இல்லை. இத்தனை நாள் தே தாரேக் குடித்தவன், அவள் பேச்சுக்குச் சிரித்தவன், கடைசியில் ஆன்டியோடு சேர்ந்துகொண்டு அவளை வெளியே நிறுத்தி எழுதிவிட்டான். அழுகை வந்தது. விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றான் ஆசையாக.

"நல்லா இருக்கு மிஸ்டர் கார்த்திகேசு," என்று சொல்லிவிட்டு, வடையை ஆன்டி முன்னால் வைத்துவிட்டு மூலையில் கிடந்த பழைய டைப்ரைட்டர் பக்கம் போய் உட்கார்ந்தாள். அதில் ரிப்பன்கூட இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் அவன் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்க்க வந்தான். கீழே தெரு முழுக்கப் துணிக் கடையும் முறுக்குக் கடையுமாக இரைச்சல். மேலே சந்திரகலா ரிப்பன் இல்லாத டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் மேசைக்கடியில் தலையை விட்டான், எடுத்தான், எல்லாம் சரியாக இருந்தது. பிறகும் போகாமல் நின்றான்.

"நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டே விட்டான்.

"ஒண்ணுமில்ல. உங்க கம்ப்யூட்டர், நீங்க எந்தப் பேர் வேணா வைக்கலாம்."

"என்ர இல்லையே. எங்கட எண்டுதானே போட்டேன்?"

"அதைத்தான் சொல்றேன். எங்கட. நீங்களும் ஆன்டியும். நான் வெளி ஆளு."

கார்த்திகேசு திருதிருவென்று விழித்தான். "ஐயோ, எங்கட எண்டா எல்லாரும்தான் லா! உங்களையும் சேர்த்துத்தான் எழுதினேன். உங்களை நினைச்சுத்தான் எழுதினேன்! வேற எப்படிச் சொல்றது?"

"நம்மன்னு சொல்லணும்." அவள் குரல் உடைந்தது. "நாங்க சாப்பிடப் போறோம்னா நீங்க வரல. நாம சாப்பிடப் போறோம்னாதான் நீங்களும் வரீங்க. இதுகூடவா தெரியாது?"

அவன் ஆன்டியைத் திரும்பிப் பார்த்தான். ஆன்டி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"எங்கட வீடுகளில ரெண்டுக்கும் நாங்கள்தான் பிள்ளை. அதில ஆக்களைப் பிரிக்கிற வித்தை எங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, பின்னால் இருந்த அலமாரி ஞாபகம் வந்ததோ என்னவோ, ஆன்டி சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

கார்த்திகேசு பையைக் கீழே வைத்தான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். நம்ம கம்ப்யூட்டர். திரும்பிச் சந்திரகலாவைப் பார்த்தான். பார்த்த பார்வையில் கம்ப்யூட்டர் கிடையாது. அவளுக்கு ஒரு வாரத்து வருத்தமும் கண்ணில் தண்ணீராக வந்து நின்றது. துடைக்கவும் தோன்றவில்லை.

"இலவச சர்வீஸ் இண்டைக்கோட முடியுது," என்றான். "நாளையிலிருந்து ரிப்பேர் இல்லாமலே வரலாமா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் எழுந்தான். புதிதாகக் கற்ற சொல்லை உடனே பயன்படுத்திப் பார்த்துவிடுகிற உற்சாகம் முகத்தில் தெரிந்தது. "ஆன்டி, நாம சாப்பிட்டுட்டு வரோம்!"

"நில்லும், கைப்பையை எடுக்கிறன்," என்று ஆன்டி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களுமா?"

"நாம எண்டால் நானும்தானே? இப்பதானே பிள்ளை விளங்கப்படுத்தினது." ஆன்டி முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டிருந்தார்.

சந்திரகலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு வாரமாக அவளை வெளியே நிறுத்தி வைத்திருந்த சொல், இப்போது வேறு எந்தச் சொல்லாலும் ஆகாத காரியத்துக்கு முன்னால் வந்து நின்றது. அவள் அவனுக்கும் முந்திக் கதவருகே போனாள். வாழ்நாளில் அதைவிடத் தைரியமாக அவள் எதையும் சொன்னதில்லை.

"நாங்க போயிட்டு வரோம், ஆன்டி."

ஆன்டி மறுபடி உட்கார்ந்தார். "அப்பிடிச் சொல்லும்," என்றார்.

அவர்கள் பாதிப் படி இறங்கியிருப்பார்கள். மேலே இரும்பு அலமாரி கிறீச்சென்று திறக்கும் சத்தம் கேட்டது. முதலில் மேல் இழுப்பறை, கொஞ்சம் பொறுத்துக் கீழ் இழுப்பறை.

கார்த்திகேசு நின்றான். "அங்க என்ன சத்தம்? திரும்பவும் ஏதும் பிரச்சினையா?"

"இல்ல," என்று சந்திரகலா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்டி ஏதோ தேடறாங்க. வாங்க, பசிக்குது."