பூஞ்சை இல்லாத அரிப்பு

எந்த இடுக்குச் சந்திலும் பஸ்ஸை லாவகமாக நுழைத்துவிடும் ஓட்டுநர் அவள். ஆனால் மாதவிலக்கு நெருங்கினால் போதும், இருக்கையில் நிம்மதியாக உட்கார முடியாது. பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், வெள்ளைக் கசிவு. சிக்னலில் அவள் நெளிவதைப் பார்த்து, "சீட்ல முள்ளு கிள்ளு இருக்காக்கா?" என்று கண்டக்டர் பெண் கேட்டாள். சிரித்து மழுப்பினாள்.

மருந்துக்கடைக்காரர் பாதி கேட்டதுமே, "பூஞ்சைத் தொற்று" என்று களிம்பை நீட்டினார். பூசினாள். மாதவிலக்கு வந்தது, அரிப்பு அடங்கியது. களிம்பு கேட்டுவிட்டது என்று நினைத்தாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே வேதனை. சோப்பை மாற்றினாள், உள்ளாடைகளைக் கொதிநீரில் போட்டாள், கடைசியில் புருஷனை முறைத்தாள்.

"நான் என்னடி பண்ணேன்?" என்று அவன் முழித்தான்.

நாத்தனார் வேறு அக்கறையாக ஒரு டப்பா வாங்கி வந்தாள். "உடம்புல, தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமி குறைஞ்சிருக்கும் அண்ணி. இந்த மாத்திரை அதை ஏத்தும்."

ஏற்றியதோ என்னவோ, எரிச்சல்தான் ஏறியது. கடைசியில் வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பெண் டாக்டரிடம் போனாள். அவர் கசிவில் கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

"பூஞ்சையே இல்லம்மா. நல்ல கிருமிதான் அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கு. அது சுரக்கிற அமிலம் உள்தோலை அரிக்குது."

"நல்ல கிருமின்னா நல்லதுதானே டாக்டர்?"

"அளவோட இருந்தா."

"களிம்பு பூசினப்ப நின்னுச்சே?"

"மாதவிலக்கு ரத்தம் அந்த அமிலத்தைத் தணிச்சிருக்கும். பல பேர் இப்படித்தான் ஏமாந்துபோறாங்க. களிம்பையும் அந்த மாத்திரையையும் நிறுத்துங்க. நான் சொல்ற அளவுல சமையல் சோடாவ வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, அதுல கொஞ்ச நேரம் உட்காருங்க, அமிலம் அடங்கும். கேக்கலைன்னா திரும்ப வாங்க."

தலையாட்டிவிட்டு வந்தாளே தவிர, ஒன்றும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் அகலமான தொட்டியில் சோடாத் தண்ணீரில் உட்கார்ந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த மாதம் மாதவிலக்கு நெருங்கியபோது அரிப்புக்காகவே காத்திருந்தாள். லேசாகத் தலைகாட்டிவிட்டு அது போய்விட்டது.

நாத்தனாருக்கு போன் போட்டு விவரம் சொன்னாள்.

"நல்ல கிருமியே கெடுதல் பண்ணுச்சா? ஒண்ணும் புரியலையே அண்ணி!"

"எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்? ஆனா இப்ப நிம்மதியா உட்கார்ந்து வண்டி ஓட்டறேன்."