நான்காவது விதி

"சிட்," என்றார் சீதாராமன். மிளகு அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் வால் நுனியைக் கடிக்கத் திரும்பிக்கொண்டாள். "சிட் டவுன், ஐ சே." ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர், அதில் கடைசிப் பத்து வருஷம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் அதிகாரி. அந்தக் குரலுக்கு ஒரு யார்டே நின்றிருக்கிறது. லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால், சாக்குகளுக்கு நடுவே பிறந்த கறுப்பு நாய்க்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

நம்மில் பலருக்கு இருக்கும் நம்பிக்கைதான் அவருக்கும். மனைவியிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் வங்காளம், டாக்டரிடமும் நாயிடமும் ஆங்கிலம்.

"ஏன்னா, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றாள் காமு, கட்டுப் போட்ட காலைப் பிரம்பு மோடாவில் நீட்டியபடி. "அவளோட பேசறது நான் ஒருத்திதான். நான் என்ன இங்கிலீஷா பேசறேன்?"

போன வாரம் கட்டடத்து மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறியும்வரை மிளகின் எல்லாப் பொறுப்பும் காமுவுடையதுதான். லைசென்ஸ், தடுப்பூசி, சங்கிலி, தெருவில் நாய் போனதை அள்ளப் பழைய செய்தித்தாள், எல்லாம் அவளே. மகன் மாதவ் பூனாவுக்கு வேலைக்குப் போன மாதம் அவள் தூக்கிவந்த குட்டி அது. இந்த நான்கு வருஷமும் சீதாராமன் அந்த நாயோடு ஒரே வீட்டில் குடியிருந்தார், அவ்வளவே. இப்போது சங்கிலி அவர் கைக்கு வந்தது. இரண்டாம் நாளே, முற்றத்தில் நிற்கும்போது மேலே காமு யாரிடமோ பேசும் குரல் கேட்டு, மிளகு சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் பறந்தாள். பூஜைத் தட்டோடு இறங்கிவந்த, முதல் மாடியில் இருக்கும் வயதான மாஷிமா பயந்துபோய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை. செம்பருத்திகள் மட்டும் கீழ்ப்படிவரை உருண்டன.

அன்று சாயங்காலம் மாஷிமாவின் மகன் ரஞ்சன் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர்தான் இப்போது கட்டடக் கமிட்டிச் செயலாளர். காகிதத்தில் நான்காவது விதி எடுத்து எழுதப்பட்டிருந்தது. சங்கிலியைப் பிடித்திருப்பவரின் சொல்லுக்கு நாய் கட்டுப்பட வேண்டும். கமிட்டி முன்னால் கட்டுப்படாத நாயை ஏழு நாளில் வெளியேற்ற வேண்டும். விதியை எழுதியவர் சீதாராமன். அவர் செயலாளராக இருந்தபோது, மூன்றாம் மாடிக்காரர்களின் பெரிய நாய்க்காக ஒரு மீட்டிங் முழுக்க வாதாடிச் சேர்த்தது. அந்த நாய் போய்விட்டது. அந்த வீட்டுப் பெண் வெறும் நாய்க்கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதை அவர் பார்த்திருக்கிறார். வீடு காலி செய்யும்வரை அவள் அவரோடு பேசவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடறேன், தாதா," என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், ரஞ்சன் வங்காளத்தில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை எந்த முகத்தோடு சொல்வது? "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு சோதனையை வெச்சுக்கோங்க," என்றார் சீதாராமன்.

காமு அழவில்லை. பெஹாலாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி குருமூர்த்திக்கு போன் செய்து, நாயை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். வைத்துக்கொள்கிறேன், ஆனால் வெளியே கட்டித்தான் போடுவேன் என்றான் அவன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் மிளகின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நீங்க போட்ட ரூல். நான் யாரைப் போய்க் குத்தம் சொல்றது," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆங்கிலத்தைக் கைவிட்டார். "உட்கார்," என்றார். மிளகு நின்றாள்.

"அதட்டினா யாரு கேப்பா?" என்ற காமு, நாயின் பக்கம் குனிந்தாள். "மிளகுக்குட்டி, உக்காருடி என் பட்டு." வாக்கியம் முடிவதற்குள் மிளகு உட்கார்ந்திருந்தாள். "இதைத்தான் சொல்லணும். இதே மாதிரி."

"கீழே, எல்லார் முன்னாலயுமா?"

"அவாளுக்குத்தான் தமிழே தெரியாதே. அப்பறம் என்ன வெக்கம்?"

"உனக்குத் தெரியுமே," என்றார் சீதாராமன். சொன்னபிறகு அங்கே நிற்க முடியாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் காமுவைக் காமு என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை அவர். காமு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் நால்வர், ஐந்தாவதில் மாஷிமா. இரண்டாம் மாடி பால்கனியில், காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், காமு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"சிட்," என்றார் சீதாராமன். பழக்கம் அவரை விடவில்லை. பிறகு "உட்கார்," என்றார். மிளகு மேலே பார்த்தாள். காமுவைக் கண்டதும் மாடிப்படிப் பக்கம் இழுக்கத் தொடங்கினாள். சங்கிலி உள்ளங்கையை அறுத்தது. ரஞ்சன் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

வாசலில் கிண்ணத்தோடு நின்ற பெண்ணின் ஞாபகம் வந்தது சீதாராமனுக்கு. முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் தரையில் குந்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிளகுக்குட்டி," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. யாரோ சிரித்தார்கள். காதெல்லாம் சூடானது. "உக்காருடி... என் பட்டு."

மிளகின் காதுகள் திரும்பின. இழுப்பதை நிறுத்தி, அவர் முகத்துக்கு மிக அருகில் வந்து மோந்தாள். பிறகு, வேறு இடமே இல்லாததுபோல், அவர் செருப்பின்மேல் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னார், என்ன சொன்னார்?" என்று மாஷிமா மகனைக் கேட்டாள். ரஞ்சனுக்குத் தெரியவில்லை. சீதாராமன் சொல்வதாக இல்லை.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நேரம் கம்பியைப் பிடித்து நின்றிருந்த காமு, உட்கார்ந்திருந்தாள்.