வாசலுக்கு ஒன்பது கிலோமீட்டர்

அந்த முதியோர் இல்லத்தின் வராந்தா இருபத்திரண்டு எட்டு நீளம். டெலிபோன் அம்மாவை ஆம்புலன்ஸுக்குத் தள்ளிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை அது ஒன்பது கிலோமீட்டர் இருந்தது. அளவில் பிழையில்லை; ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவர் நடையைக் கணக்கிடும் கடிகாரம் கட்டியிருந்தார்.

டாக்டர் கெட்டவர் அல்ல, நேரமில்லாதவர். வாரம் ஒருமுறை காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல வருவார். கடைசி நாட்களில் யாருக்கு என்ன செய்வது என்று எழுதும் தாளை நர்ஸ் நீட்டுவாள். அறைவாசலில் நின்றபடியே, ‘மோசமானால் மருத்துவமனைக்கு அனுப்பவும்’ என்று எழுதிவிடுவார். நாற்பத்தொரு பேருக்கும் அதே வரிதான். டெலிபோன் அம்மா முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள். புற்றுநோய் எலும்புவரை போனபிறகு அவளுக்கு ஒரே ஆசை, தன் ஜன்னலோரக் கட்டிலிலேயே போய்ச் சேரவேண்டும். மகளுக்கும் நர்ஸுக்கும் அது தெரியும். தாளில் இல்லை.

அன்று அவளுக்கு மூச்சு வாங்கியது. தாளில் உள்ளபடி ஆம்புலன்ஸ் வந்தது. தன் காருக்குப் போகும் வழியும் அதுதானே என்று டாக்டரும் கூடவே நடந்தார். வாசல் கண்ணுக்குத் தெரிந்தது, கிட்ட வரவில்லை. இரண்டு கிலோமீட்டர்வரை போனில் பேசினார். மூன்றாவதில் சிக்னல் போயிற்று. நான்காவதில் வேறு வேலையில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதாம்மா?”

“வலிக்குது. அதைக் குறைச்சா போதும் தம்பி. குழாயெல்லாம் வேண்டாம். என்னை என் கட்டில்லயே விட்டுடுங்க.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொல்றதுக்கு நீங்க எங்க உக்காந்தீங்க?”

டாக்டர் தாளை அவள் போர்வைமேல் விரித்து, தன் வரியை அடித்தார். வலிக்கு எந்த மருந்து, பக்கத்தில் யார் இருக்கவேண்டும், விளக்கு எரியலாமா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். “மகளை மட்டும் அழவேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள். அதையும் எழுதினார். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள், அவளுடைய அறை இரண்டே எட்டில் இருந்தது. பார்த்த நர்ஸுக்கு மெய்சிலிர்த்தது. கைகூப்பி நின்றுவிட்டு, போய் ஜன்னலைத் திறந்தாள்.

ஐந்தாம் நாள் பகலில் மகள் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, சீப்பு பாதிக்கூந்தலில் இருக்கையிலேயே, டெலிபோன் அம்மா வலியில்லாமல் போய்ச் சேர்ந்தாள். மகள் அழவில்லை என்று சொல்லமுடியாது. வாரி முடித்துவிட்டு அழுதாள்.

அடுத்த செவ்வாய் டாக்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பக்கத்து அறை லாரிக்காரரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, “வாங்கய்யா, வாசல்வரைக்கும் போயிட்டு வரலாம்” என்றார். காலையில் கிளம்பியவர்கள் மத்தியானம் தாண்டியும் திரும்பவில்லை. சமையல்காரர் இருவருக்கும் சாப்பாட்டை எடுத்து மூடிவைத்தார்.